இருக்கு மாப்பிள்ளை

இந்த அறையில் வெளிச்சம் நன்றாக வருகிறது, மேடம். அணு உலைக் கட்டடத்தின் அடித்தளத்திலேயே வேலை பார்த்துத் தலை நரைத்தவனை ஜன்னலோரம் உட்காரவைத்து விசாரித்தால், அவன் அதைச் சலுகை என்றுதான் எடுத்துக்கொள்வான். ஆனால் நான் அதற்காக வாயைத் திறக்கவில்லை. நேற்று முழுக்க நீங்கள் தவறான கேள்விகளையே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அது சங்கடமாகப் போய்விட்டது. படித்தவர்கள் வீணாக அலைவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

நீங்கள் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சோதனையின் தரவில் பொய் கலந்தது யார், எப்போது, எப்படி என்று விசாரிக்கச் சொல்லி உங்களை அனுப்பியிருக்கிறார்கள். கலந்தது நான்தான். அது முடிந்தது. ஆனால் அது ஒரு குற்றமே இல்லை. அது என் வேலை. குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் காட்டுவதற்கு, நாங்கள் எதைத் தேடினோம் என்று முதலில் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், கணக்கு வராது.

அணு உலை ஓடும்போது அதிலிருந்து நியூட்ரினோ என்ற பொடித் துகள்கள் கோடிக்கணக்கில் கிளம்பும். சுவர், மலை, நீங்கள், நான், எதையும் சட்டை செய்யாமல் ஊடுருவிப் போய்விடும். அபூர்வமாக ஒன்று எதிலாவது மோதும். மோதினால் மினுக்கென்று ஓர் ஒளி தெரியும்படியான எண்ணெயை ஒரு தொட்டியில் நிரப்பி வைத்துக்கொண்டு காத்திருப்பது எங்கள் தொழில். இந்தத் துகளில் மூன்று வகை உண்டு. நாலாவதாக ஒன்று இருக்கலாம் என்று சிலர் நம்புகிறார்கள். அது எண்ணெயிலும் மோதாது, வேறு எதிலும் மோதாது. அதற்கு மலட்டு நியூட்ரினோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்க முடியாது. உலையிலிருந்து தள்ளிப் போகப் போக சாதாரண வகையில் கொஞ்சம் காணாமல் போய், இன்னும் தள்ளிப் போனால் திரும்பி வந்தால், நடுவில் அது நாலாவதாக வேஷம் மாறியிருந்தது என்று ஊகிக்கலாம். எண்ணிக்கை அலைபோல இறங்கி ஏற வேண்டும். அந்த அலையைத்தான் தேடினோம். பார்க்க முடியாத ஒன்றைத் தேடுவதற்கு மாதம் தவறாமல் சம்பளம் கொடுத்தார்கள். நல்ல வேலைதான்.

தேடலின் தலைவர் என் தங்கையின் கணவர். கல்லூரி விடுதியில் என் அறைத் தோழனாக இருந்தவர். 'வாடா போடா' என்று பழகியவர்கள் நாங்கள். நான்தான் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். தங்கையைக் கட்டிக்கொண்ட பிறகு எனக்கு அவர் 'மாப்பிள்ளை' ஆனார், 'நீங்கள்' ஆனார். அவருக்கு நான் 'மச்சான்' ஆனேன். 'நீ' மட்டும் 'நீ'யாகவே இருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு 'இருக்கு சார்' என்று பெயர். உலகத்தில் வேறு வேறு இடங்களில் தேடியவர்கள் ஒவ்வொருவராக 'ஒன்றும் தென்படவில்லை' என்று கடையைக் கட்டிக்கொண்டிருந்தபோதெல்லாம், இவர் மேசையைத் தட்டி, "இருக்கு, மச்சான். இருக்கு. எனக்குத் தெரியும்" என்பார். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. அவர் சிரித்தால் என் கருவிகளில் அதிர்வு பதிவாகும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பதிவாகியிருக்கிறது.

வீட்டில் மட்டும் அவர் அந்தத் துகளின் பெயரைச் சொல்ல மாட்டார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. தங்கை ஒருமுறை, "யாரு வெச்சாங்க இந்தப் பேரை? கண்டிப்பா ஒரு ஆம்பளையாத்தான் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. அன்றிலிருந்து அது 'நாலாவது ஆள்' ஆகிவிட்டது. "நாலாவது ஆளைப் பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் காலையில் கிளம்புவார். அப்படிப்பட்ட மனிதர். அவரை யாருக்கும் பிடிக்காமல் போகாது. எனக்கும் பிடிக்கும்.

தொட்டியை ஒரே இடத்தில் வைக்காமல் தண்டவாளத்தில் ஏற்றி, உலைக்குக் கிட்டேயும் தள்ளியும் நகர்த்தலாம் என்று யோசித்தது நான். ஒரு மதியம், சரக்கு அறையில் தள்ளுவண்டி ஒன்று தானாக உருண்டு சுவரில் முட்டியதைப் பார்த்தபோது தோன்றியது. அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். என்னைத் தூக்கிச் சுற்றினார். அந்த யோசனைதான் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. பிறகு அவர் பேசிய ஒவ்வொரு கூட்டத்திலும், "அப்போதுதான் நாங்கள் தண்டவாளத்தைப் பற்றி யோசித்தோம்" என்பார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நம் மொழியில் ஒரு வசதி உண்டே, மேடம். 'நாங்கள்' என்றால் எதிரில் உட்கார்ந்து கேட்பவன் அதில் சேர்த்தி இல்லை. 'நாம்' என்று சொல்லியிருக்கலாம். இலக்கணத்தில் அவர் கொஞ்சம் சுமார்.

வெளியிலிருந்து யாராவது வந்தால், "இவர் என் மச்சான். வயரெல்லாம் இவர்தான் பாத்துக்கிறார்" என்று தோளில் கை போட்டு அறிமுகம் செய்வார். அன்பாகத்தான் செய்வார். இதையும் தகவலுக்காகவே சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எதையாவது கண்டுபிடித்தே தீருவது என்று இருப்பவர்களின் கண்ணை நம்ப முடியாது. அதனால் எங்கள் துறையில் ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஒரே ஓர் ஆளிடம் மட்டும் ஓர் அதிகாரம் கொடுப்பார்கள். அவன் விரும்பினால் தரவுக்குள் ஒரு பொய் அலையைக் கலந்து வைக்கலாம், கலக்காமலும் இருக்கலாம். கலந்தானா இல்லையா என்று வேறு யாருக்கும் தெரியாது. எல்லாரும் ஆராய்ந்து முடித்த பிறகு, 'பெட்டி திறக்கும் நாள்' என்று ஒன்று வரும். அன்றைக்கு அவன் எழுந்து உண்மையைச் சொல்வான். அதற்கு முன்னால் யார் கேட்டாலும் 'ஆம்' என்றும் சொல்லக் கூடாது, 'இல்லை' என்றும் சொல்லக் கூடாது. அந்த ஆளாக என்னை நியமித்தது மாப்பிள்ளைதான். "என் மச்சானுக்கு வாயில பூட்டு. அவன்தான் சரி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் ஓர் அலையைக் கலந்தேன். உண்மையான மினுக்குகளில் சிலவற்றை ஓரிடத்தில் நீக்கி, வேறு சிலவற்றுக்கு நகல் எடுத்து இன்னோரிடத்தில் சேர்த்தேன். அடக்கமான, அழகான அலை. விதிப்படி, அனுமதியோடு செய்தது. மாதக்கணக்கில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தரவு குவியக் குவிய அலை மெல்லத் தலைகாட்டியது. ஒருநாள் காலை மாப்பிள்ளை என் அறைக்குள் ஓடிவந்தார். அந்த அலை அச்சான காகிதத்தை நீட்டினார். அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அதைக் கொடுத்தது நான் என்று நினைத்தபோது எனக்கும் நிறைவாகத்தான் இருந்தது.

அதே வாரம் அவருக்கு நெஞ்சு வலித்தது. இதயத்துக்குப் போகும் பெரிய குழாயில் அடைப்பு, உடனே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் நான் பொறுப்பில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இவர் அவருக்கே நியூட்ரினோ பாடம் எடுத்துவிட்டு வந்தார். பெட்டி திறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்.

தங்கை என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணே, நீ சொன்னா கேப்பார். நான் சொன்னா சிரிக்கிறார். பயமா இருக்குண்ணே."

"நான் பேசுறேன், நீ அழாத" என்றேன். பேசினேன். அன்று மாலையே சாப்பாட்டு மேசையில், அவள் முன்னால் வைத்தே சொன்னேன்: "உடம்பு முக்கியம்தான் மாப்பிள்ளை. ஆனா இத்தனை வருஷம் காத்திருந்துட்டு, இப்ப போய்ப் படுத்துக்கிறது கஷ்டம்தான். எனக்குப் புரியுது." அவர், "பாத்தியா, மச்சானே சொல்லிட்டான்" என்று சிரித்தார். ஒரு வாக்கியத்தில் பாதி ஒரு பக்கமும் பாதி இன்னொரு பக்கமும் இருந்தால், கேட்பவர் எந்தப் பாதியை எடுத்துக்கொள்வார் என்பது பழகியவனுக்குத் தெரியும். தங்கை எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

பெட்டி திறக்கும் நாளை ஒருமுறை தள்ளிப்போட்டேன். கருவிகளைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. இன்னொரு முறையும் தள்ளிப்போட்டேன். அப்போதும் சரிபார்க்க வேண்டியிருந்தது. கருவிகள் என்றால் அப்படித்தான்.

எங்கள் குழுவில் ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தாள். எதைச் சொன்னாலும் 'எதுக்கு?' என்று கேட்பாள். அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. 'இருக்கு' சாரும் 'எதுக்கு'வும் பேசிக்கொண்டிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கச் சுகமாக இருக்கும். அவள் ஒருநாள் என்னிடம் வந்தாள்.

"சார், இந்த அலை ரொம்ப அழகா இருக்கு."

"அழகா இருந்தா என்னம்மா தப்பு?"

"நிஜம் எதுக்கு சார் இவ்வளவு அழகா இருக்கணும்?"

நல்ல கேள்வி. என் வேலையை அதற்கு முன்னால் யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

"சார், நேராவே கேக்குறேன். இது நீங்க போட்டதா?"

"விதி தெரியும்ல?"

"தெரியும் சார். ஆனா அவருக்கு ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்களே. அவருக்கு மட்டுமாவது காதுல சொல்லிடலாமே?"

"விதின்னா எல்லாருக்கும்தான்மா" என்றேன். அவள் நேராக மாப்பிள்ளையின் அறைக்குப் போனாள்.

மறுநாள் மதியம் அவர் என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். கேபிள் சுற்றிய மர உருளை ஒன்று அங்கே கிடக்கும், அதன்மேல் உட்கார்ந்தார். அதற்கே மூச்சு வாங்கியது. நான் ஒரு கேபிள் முனையைச் சீவிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், விதியையெல்லாம் தூக்கி மூலையில போடு. தலைவனா கேக்கல. உன் தங்கச்சி புருஷனா கேக்குறேன். அந்த அலை உன்னோடதா?"

கேபிளைச் சீவிக்கொண்டே இருந்தேன்.

"உன்னோடதுன்னா சொல்லிடு. சத்தியமா கோவிச்சுக்க மாட்டேன். நாளைக்கே போய்ப் படுத்துக்கிறேன், நெஞ்சைக் கிழிச்சு என்ன வேணா பண்ணிக்கட்டும். உன்னோடது இல்லேன்னா, பெட்டி திறக்கிற வரைக்கும் நான் எங்கயும் நகர்றதா இல்ல. உன் தங்கச்சியையும் பாக்கணும்ல, சொல்லு."

கவனியுங்கள், மேடம். எவ்வளவு தெளிவாகக் கேட்டார். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எனக்குக் குழப்பம் எதுவும் இருந்தது என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.

கேபிளைக் கீழே வைத்தேன். அவர் கண்ணைப் பார்த்தேன்.

"இல்ல மாப்பிள்ளை. என்னோடது இல்ல."

"அப்ப இருக்கு?"

"இருக்கு மாப்பிள்ளை."

அவர் அழுதார். எழுந்து வந்து என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். "நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்டா" என்றார். விடுதி நாட்களுக்குப் பிறகு என்னை அவர் 'டா' போட்டது அன்றுதான்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்க மாட்டீர்களோ என்று நானே சொல்கிறேன். 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் அவர் ஒரு நாள் முகம் வாடியிருப்பார். பிறகு ஆஸ்பத்திரியில் படுத்து, தேறி வந்து, விழுந்து விழுந்து சிரித்திருப்பார். விருந்துக்கு விருந்து, கூட்டத்துக்குக் கூட்டம், "என் மச்சான் என்னை ஏமாத்தின கதை தெரியுமா?" என்று தோளில் கை போட்டு ஆரம்பித்திருப்பார். நன்றாகவும் சொல்லியிருப்பார், எல்லாரும் ரசித்திருப்பார்கள். நான் தனியாகச் செய்த அந்த ஒரே காரியமும் அவருடைய கதையாகியிருக்கும். அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற நிலைமை எனக்கு வாய்ப்பது அபூர்வம். அதை விட்டுக்கொடுக்க அன்றைக்கு மனம் வரவில்லை. ஆனால் இது சின்னக் காரணம். பெரிய காரணம், அவர் சந்தோஷமாக இருந்தார் என்பதுதான். சந்தோஷமாக இருப்பவரைக் கலைப்பது எனக்குப் பிடிக்காது.

அவர் இறந்தது மாரடைப்பால் என்று உங்களிடம் இருக்கும் அறிக்கை சொல்கிறது. சரிதான். ஆனால் அறிக்கை ஓர் ஓரமாக நின்று பேசுகிறது. நான் பக்கத்தில் இருந்தேன்.

அந்த வாரம் மின்தூக்கியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்டவாளத்தின் கடைசியில் ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது, நீங்களே வந்து பார்த்தால் நல்லது என்று காலையில் அவரைக் கூப்பிட்டேன். அது தளர்ந்துதான் இருந்தது. கூப்பிட்டால் வருவார் என்பதும் எனக்குத் தெரியும். இரும்புப் படி, செங்குத்தாக இருக்கும். இறங்கும்போது ஒன்றும் ஆகவில்லை. பாட்டுக்கூட முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ஏறும்போது பாதியில் நின்றார்.

"இரு மச்சான், மூச்சு வாங்கிக்கிறேன்" என்று படியில் உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. சட்டை நனைந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் ஒரு படி கீழே உட்கார்ந்தேன். சுவரில் அவசரத் தொலைபேசி இருந்தது. நாலு படி தூரம்தான். உங்கள் ஆட்கள் அளந்து பார்த்திருப்பார்கள்.

நான் நிதானமாக யோசித்தேன். கூப்பிட்டால் வந்துவிடுவார்கள். பிழைத்துக்கொள்வார். பெட்டி திறக்கும் நாள் வரும். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் நான் எழுந்து நிற்பேன். அவர் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையை அவருக்கு வரவழைக்க எனக்கு விருப்பமில்லை. அவர் பிடித்திருந்த கையை உதறிவிட்டு எழுந்து போவதும் நன்றாக இருக்காது. அதனால் உட்கார்ந்திருந்தேன்.

"இருக்குல்ல மச்சான்?" என்றார்.

"இருக்கு மாப்பிள்ளை."

சிரித்தார். கடைசிவரை சிரித்த முகம். அவர் கை தளர்ந்த பிறகு எழுந்து போய்த் தொலைபேசியை எடுத்தேன். தாமதமாகக் கூப்பிட்டேன் என்று உங்கள் அறிக்கையில் ஒரு சந்தேகம் இருக்கிறதே, அதைச் சந்தேகம் என்று விட்டுவைக்க வேண்டாம். உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். பெட்டி திறக்கும் நாள் வந்தது. நான் எழுந்து, பொய் எதுவும் கலக்கவில்லை என்றேன். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. தங்கை முதல் வரிசையில் இருந்தாள். பாவம், அவளுக்கும் ஏதாவது மிஞ்ச வேண்டுமில்லையா? 'எதுக்கு' என்ற அந்த மாணவி மட்டும் தட்டவில்லை. அவள் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு மினுக்காக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரே மினுக்கு, அச்சு அசலாக, இரண்டு இடத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தாள். இயற்கை நகல் எடுப்பதில்லை. கெட்டிக்காரப் பெண். அவளுக்கு நல்ல வேலையாகப் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

என் அலையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் என்ன மிஞ்சுகிறது என்று நேற்றுக் கேட்டீர்கள். நான் எப்போதோ பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை. தரை மாதிரி தட்டையாக இருக்கிறது. நான் கொடுக்காமல் இருந்திருந்தால் அவர் வெறுங்கையோடுதான் போயிருப்பார். இதையும் நீங்கள் தராசில் வைக்க வேண்டும்.

இன்று காலை, உங்களைப் பார்ப்பதற்கு முன்னால், தங்கை என்னைப் பார்க்க வந்திருந்தாள். இளைத்துவிட்டாள். எதிரில் வந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்:

"அண்ணே, அந்தப் பொண்ணு சொல்றா. அவர் உன்கிட்ட நேரா வந்து கேட்டிருப்பாருன்னு. கேட்டாரா?"

"கேக்கலம்மா. கேட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா?"

என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்குத் தெரியும்ணே, நீ சொல்லியிருப்ப" என்றாள். முதுகைத் தட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தேன். ஆகவே, நான் இப்போது சொன்னதையெல்லாம் அவளுக்குக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்காகக் கேட்கவில்லை.

மாப்பிள்ளைக்காக ஒரு பொய், அரங்கத்தில் அவர் பேருக்காக ஒரு பொய், தங்கைக்காக ஒரு பொய். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதையும் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம்: எனக்கென்று நான் இதுவரை ஒரு பொய்கூடச் சொல்லிக்கொண்டதில்லை.